பாஸ் அறைவாசல் மேசை: பி.ஏ. வேலையின் தனிமை எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் குறைப்பது

கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங், கேஎல் சென்ட்ரல், பங்சார் சவுத், துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் என எங்கே போனாலும், உயர்மாடிக் கட்டடங்களில் தலைமை நிர்வாகியின் அறைவாசலில் ஒரு மேசை இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவரை பி.ஏ. (தனி உதவியாளர்), இ.ஏ. (நிர்வாக உதவியாளர்), செக்ரட்டரி என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் அழைப்பார்கள். நாள் முழுக்க ஆட்கள் அந்த மேசைக்கு வந்துகொண்டே இருப்பார்கள். "பாஸ் ஃப்ரீயா?", "கையெழுத்து ஆச்சா?", "மூட் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மேசையில் இருப்பவரைப் பார்ப்பதற்கென்று வருபவர் அரிது. இந்த வேலையில் தனிமையாக உணர்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் குணத்தைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குப் பழகத் தெரியவில்லை, நான் ஒதுங்கிப் போகிறவள் என்கிறார்கள். உண்மையில் அந்தத் தனிமையின் பெரும்பகுதி வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. குணத்தை மாற்றப் போராடுவதைவிட அமைப்பில் சில திருகாணிகளைத் தளர்த்துவது எளிது, பலனும் சீக்கிரம் தெரியும்.

முதல் காரணம் இரகசியம். பி.ஏ.வின் கைவழியே போகும் தாள்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மலேசியாவில் ஆட்குறைப்பு செய்யப் போகும் நிறுவனம், குறைந்தது 30 நாளுக்கு முன்பே அதை அறிவிக்கும் பிகே படிவத்தைத் தொழிலாளர் துறைக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் முன்பே பெயர்ப்பட்டியல் தயாராகியிருக்கும். கூட்டத்துக்கு அறை பிடித்தவர், பட்டியலை அச்சடித்தவர் பல இடங்களில் பி.ஏ.தான். பட்டியலில் இருப்பவரோடு லிஃப்டில் ஏறி, அவர் வாங்கப் போகும் வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் சுமை இன்னும் கூடும். காலாண்டு முடிந்து 2 மாதத்துக்குள் கணக்கைப் பங்குச்சந்தையான புர்சா மலேசியாவில் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்வரை அந்த எண்கள் பி.ஏ.வுக்குத் தெரிந்தும் தெரியாதவையே. 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் 188ஆவது பிரிவில் உள்தகவல் வணிகத்துக்கு 10 ஆண்டு வரை சிறையும், 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமும் உண்டு. பங்கு வாங்கி விற்பது மட்டும் குற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. விலையைப் பாதிக்கும் தகவலை, வாங்கி விற்கக்கூடியவர் காதில் போடுவதும் அதே பிரிவில் வரும். வாயை மூடிக்கொள்வது இங்கே நல்ல பழக்கம் என்பதோடு நிற்கவில்லை, சட்டக் கடமையாகவும் இருக்கிறது.

இந்த மௌனம் எல்லை தாண்டிப் பரவும்போதுதான் சிக்கல். பாஸின் விஷயத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பது களைப்பு. அதனால் பல பி.ஏ.க்கள் எதையுமே பேசாமல் இருப்பதே பத்திரம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மகளின் பள்ளி, முழங்கால் வலி, நேற்றுச் சமைத்த மீன்குழம்பு எல்லாமே அந்தப் பூட்டுக்குள் போய்விடுகின்றன. பேண்ட்ரியில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். இவர் பேசாததால் அவர்களும் பேசுவதில்லை. பாஸின் காது என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது.

அதோடு இரவல் அதிகாரம். டத்தோ பட்டம் பெற்ற பாஸின் நேரம் யாருக்குக் கிடைக்கும் என்பது பி.ஏ. கையில் இருப்பதால், அன்பாகப் பேசுகிறவர் தன்னிடம் பேசுகிறாரா, பாஸின் நாட்காட்டியிடம் பேசுகிறாரா என்ற சந்தேகம் ஓயாது. மேலாளர்களுக்கு இவர் மேலாளர் இல்லை, ஊழியர்களுக்கு இவர் ஊழியர் இல்லை. கணக்குப் பிரிவில் 8 பேர் என்றால் 8 பேருக்கும் ஒரே மாதக்கடைசி நெருக்கடி, ஒரே புலம்பல். பி.ஏ.வின் வேலையைச் செய்பவர் அந்த மாடியில் வேறு யாரும் இல்லை.

மதிய உணவு இதையெல்லாம் கெட்டியாக்கிவிடுகிறது. பாஸின் கூட்டம் 1.10க்கு முடியும். அதற்குள் எல்லாரும் கூட்டமாகக் கிளம்பிப் போயிருப்பார்கள். பி.ஏ. தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கி வந்து திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். கோலாலம்பூர் அலுவலகங்களில் சாப்பாட்டுக் கூட்டணி மொழியையும் உணவையும் வைத்து அமைவது வழக்கம். மலாய்க்காரர்கள் நாசி சம்பூர் கடைக்கு, சீனர்கள் காப்பிக்கடைக்கு, தமிழர்கள் இருந்தால் வாழையிலைக் கடைக்கு. அந்த மாடியில் ஒரே தமிழர் என்றால், அதிலும் புரட்டாசியில் சைவம் என்றால், "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அழைப்புகள் நின்றுவிடும். ரமலானில் மலாய் நண்பர்கள் மதியம் வெளியே வர மாட்டார்கள். இதை முன்கூட்டியே எதிர்பார்க்காதவருக்கு அந்த மாதம் திடீரென்று வெறுமையாகத் தெரியும்.

தமிழர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு, நம் சமூகம் சிறியது. கிள்ளானில் கல்யாணத்துக்குப் போனாலும், பத்துமலைக்குப் போனாலும், யாராவது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க பாஸ்கிட்ட சொல்லி நம்ம பையனுக்கு ஒரு வேலை பார்த்துக் குடும்மா" என்பார். அவர் கேட்பதில் தப்பில்லை, அவருடைய கவலை அது. ஆனால் அலுவலகத்தில் யாரும் தனக்காக வருவதில்லை என்று வாடுகிறவருக்கு, உறவுக் கூட்டத்திலும் அதே நிலை என்றால் ஓய்வெடுக்க இடமே இல்லை. இதற்கு ஒரே பதிலை வைத்துக்கொள்வது நல்லது: "ரெஸ்யூமே அனுப்புங்க மாமா, ஹெச்.ஆர். ஆள் எடுக்கிற இமெயிலுக்குச் சேர்த்துடறேன். அதுக்கு மேல என் கையில இல்ல." சொன்னபடி அனுப்பியும் விட வேண்டும். பாதி வாக்குறுதி கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்வதுதான் உறவைக் கெடுக்கும்.

சரி, வைத்தியத்துக்கு முன் நோயைச் சரியாகப் பார்க்க வேண்டும். சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதது ஒன்று. நம்மைத் தங்களில் ஒருவராக நினைக்கும் கூட்டம் இல்லாதது மற்றொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது. வீட்டில் அன்பான கணவர் இருந்தும் அலுவலகத்தில் தனியாக உணர்பவருக்கு வேண்டியது கூட்டம். தினமும் ஆறு பேரோடு சாப்பிட்டும் நெஞ்சு கனக்கிறவருக்கு வேண்டியது நெருங்கிய ஒருவர். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மூன்று கேள்வி அளவுகோலை நீங்களே போட்டுப் பார்க்கலாம். துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடித் தோன்றுகிறது? விடுபட்டுப் போனதாக எவ்வளவு அடிக்கடி? மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி? அரிதாக என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். அலுவலகத்தை நினைத்து ஒரு முறையும் வாழ்க்கை முழுவதையும் நினைத்து ஒரு முறையும் போடுங்கள். அலுவலகத்துக்கான எண் மற்றதைவிட மிக அதிகமாக இருந்தால் மேசையில்தான் பிரச்சினை.

அடுத்து இரண்டு வாரம் ஒரு குறிப்பு எடுங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம், சொந்த நோட்டில் போதும். மேசைக்கு வந்தவரின் பெயரின் முதலெழுத்து, பேச்சு பாஸைப் பற்றியதா வேறா, யார் தொடங்கியது. மூன்றே கட்டங்கள். பத்து வேலைநாள் முடிந்ததும் பாஸைப் பற்றி அல்லாத பேச்சுகளை மட்டும் பாருங்கள். எதிர்பாராத பெயர்கள் அங்கே இருக்கும். காலையில் "சாப்பிட்டாச்சா கா?" என்று கேட்கும் பாதுகாவலர், துப்புரவு செய்யும் அக்கா, டெஸ்பேட்ச் அண்ணன், வரவேற்பு மேசைப் பெண். இவர்களுக்கு பி.ஏ.விடமிருந்து ஆக வேண்டியது எதுவும் இல்லை, அதனாலேயே அந்தப் பேச்சு சுத்தமானது. இப்படிப்பட்ட சின்னத் தொடர்புகளும் மனநிறைவுக்கு உதவுவதை உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவர்களோடு ஒரு நிமிடம் நின்று பேசுவதை நாளின் வேலையாகவே வைத்துக்கொள்ளலாம். பாஸின் ஓட்டுநரிடம் மட்டும் கவனம் வேண்டும். அவருக்கும் அதே இரகசியங்கள் தெரியும், அவருக்கும் அதே தனிமை. இரண்டு பேரும் சேர்ந்தால் பேச்சு தானாக பாஸின் வீட்டு விவகாரத்துக்குத்தான் போகும்.

இனி மௌனத்துக்கு வேலி கட்டுவது. பூட்ட வேண்டியவை எவை என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: சம்பளம், நியமனம், பதவி நீக்கம், அறிவிக்காத கணக்கு, பாஸின் உடல்நிலை, குடும்பம், பயணம், அவர் யாரைச் சந்திக்கிறார் என்பது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் திறந்தவை. உங்கள் சாப்பாடு, எல்ஆர்டி ரயில் தாமதம், பிள்ளைகளின் படிப்பு, தீபாவளிக்கு வாங்கிய துணி, பார்த்த படம். பட்டியல் இருந்தால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. பேச்சில் தயக்கமும் குறையும்.

பூட்டிய விஷயத்தைக் கேட்பவருக்குச் சொல்ல ஒரே வாக்கியம் வேண்டும். அதை விஷயம் இருக்கும்போதும் சொல்ல வேண்டும், இல்லாதபோதும் சொல்ல வேண்டும். இதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். வதந்தி பொய்யாக இருக்கும்போது "அப்படியெல்லாம் இல்லைலா" என்று சிரித்துவிட்டு, அடுத்த முறை உண்மையாக இருக்கும்போது "என்னால சொல்ல முடியாது" என்றால், அந்தப் பதிலே செய்தியாகிவிடும். "அக்கா, ஆள் குறைக்கப் போறாங்களாமே?" என்று கேட்டால், "இந்த மாதிரி எது கேட்டாலும் நான் பதில் சொல்றதில்லம்மா. இருந்தாலும் இதேதான் சொல்வேன், இல்லாட்டியும் இதேதான் சொல்வேன். உன் அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று பேச்சைக் கேட்டவரின் பக்கம் திருப்புங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். கதவை மூடிவிட்டு முகத்தையும் திருப்பிக்கொண்டால் அவர் திரும்ப வர மாட்டார்.

ஆட்குறைப்பு அறிவித்த பிறகு வரும் வாரம்தான் மிகக் கடினம். "உனக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?" என்று கேட்பார்கள். தெரியாது என்று பொய் சொன்னால் உறவு இரண்டாவது முறையும் முறியும், ஏனென்றால் யாரும் நம்பப் போவதில்லை. "தெரிந்திருந்தாலும் சொல்ல முடியாத இடத்தில் இருக்கேன். நீ போறது எனக்கு வருத்தமா இருக்கு" என்பது போதும். அதன்பின் செயலில் காட்டலாம். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதித் திட்டத்துக்கு வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள், தேவையான கடிதங்களை ஹெச்.ஆரிடமிருந்து சீக்கிரம் வாங்கிக் கொடுங்கள். பி.ஏ.வால் மட்டுமே விரைவாகச் செய்யக்கூடிய உதவிகள் இவை.

மதிய உணவை மீட்பதற்குச் சட்டத்தில் பிடி இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு வேண்டும் என்கிறது. 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் சம்பள வரம்பின்றி எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவருக்கு ஓவர்டைம் போன்ற சில பிரிவுகள்தான் இல்லை. ஆனால் சட்டப் பிரிவைக் காட்டி பாஸிடம் பேசுவது கடைசி வழி. முதல் வழி நாட்காட்டி. வாரம் ஐந்து நாளும் 12.30 முதல் 1.15 வரை அடைத்துவைத்தால் முதல் வாரத்திலேயே உடையும், பிறகு அதை யாரும் மதிக்க மாட்டார்கள், நீங்களும்தான். செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாள் மட்டும் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் பல அலுவலகங்களில் இடைவேளை நீளும், அப்போது பாஸின் கூட்டங்களும் குறைவு. மூன்றாவது நாள் தானாகக் கிடைத்துவிடும். பாஸிடம் அனுமதி கேட்கும் தொனி வேண்டாம். "செவ்வாய், வியாழன் 12.30இலிருந்து 1.15 வரை உங்கள் அழைப்புகளை நிதி இயக்குநரின் பி.ஏ. பார்த்துக்கொள்வார், அவசரம் என்றால் என் கைப்பேசிக்கு வரும்" என்று ஏற்பாட்டைச் சொல்லுங்கள். ஏற்பாடு தயாராக இருந்தால் பெரும்பாலான பாஸ்கள் மறுப்பதில்லை.

அந்த இன்னொரு பி.ஏ.தான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான ஆள். ஒருவருக்கொருவர் மாற்றாளாக இருக்க முறைப்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு: பாஸ் உடனே எடுக்க வேண்டிய அழைப்புகள் யாருடையவை, காப்பியா டீயா, எந்த ஓட்டுநர், எந்தப் பயண முகவர், எந்த ஆவணம் எங்கே, யாரை எப்படி விளிக்க வேண்டும். டத்தோவைவிட உயர்ந்த பட்டமான டான்ஸ்ரீ உள்ளவரை டத்தோ என்று எழுதினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து அதைப் புதுப்பியுங்கள். வேலையின் பெயரால் கிடைக்கும் இந்த அரை மணி நேரத்தில், அந்த மாடியில் உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்த ஒருவரோடு பேசுகிறீர்கள். நீங்கள் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஆள் அவர்.

இந்த ஜோடி முறியும் இடங்கள் இரண்டு. அவுட்லுக்கில் பிரதிநிதி அனுமதி கொடுக்கும்போது நாட்காட்டியை மட்டும் திறந்துவிட வேண்டும். இன்பாக்ஸுக்கு அனுமதி வேண்டாம். தனிப்பட்டவை என்று குறித்த பதிவுகளைக் காட்டும் பெட்டியைத் தேர்வு செய்யாமல் விடுங்கள். பாஸின் மருத்துவச் சந்திப்புகளை முன்பே தனிப்பட்டவை என்று குறித்துவிட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால், ஒருவர் தவறியும் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டு, இருவருக்குமிடையே சங்கடம் குடியேறும். இரண்டாவது, பாஸ்களுக்கு இடையே பகை மூளும்போது பி.ஏ.க்களும் பிரிந்துவிடுவது. அவர்கள் சண்டை அவர்களுடையது, நாட்காட்டி மாற்றுதல் நம்முடையது என்று சண்டை இல்லாத காலத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அலுவலகச் சாப்பாடு மட்டும் போதாது, அதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒரு முறை 45 நிமிடம் சேர்ந்து சாப்பிட்டால் 50 மணி நேரத்தைத் தொட 67 வாரம். இரண்டு முறை என்றால் சுமார் 8 மாதம். ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிடுகிறவர்கள் தங்களைத் தவறாகத் தண்டித்துக்கொள்கிறார்கள். அதே நேரத்தில் பெரிய துண்டுகளாக நேரம் கிடைக்கும் இடங்களையும் தேட வேண்டும். இரண்டு நாள் பயிற்சி வகுப்பு, நாளுக்கு 7 மணி நேரம் என்றால், 18 மதிய உணவுகளுக்கு மேல். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் உள்ள பெரும்பாலான நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான ஹெச்ஆர்டி கார்ப்புக்கு வரியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் பயிற்சிக்கே உரியது. பி.ஏ.க்கள் கேட்பதே இல்லை என்பதால் அவர்களுக்கு அது கிடைப்பதும் இல்லை. மானியத்துக்கு வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஹெச்.ஆரிடம் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் பி.ஏ.க்கள் வரும் நேரடி வகுப்பாகப் பாருங்கள். இணையவழி வகுப்பில் பாடம் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார்.

அலுவலகத்துக்கு வெளியே வாராந்தர வகுப்புகள் அதைவிடப் பலமானவை. 1981இல் தொடங்கப்பட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் இசை, நடன வகுப்புகள் உண்டு. கோயில் தேவாரக் குழு, வட்டார வாசகர் வட்டம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் எதுவானாலும் சரி. வாரம் 2 மணி நேரம் என்றால் 25 வாரத்தில் 50 மணி. அங்கே யாருக்கும் உங்கள் பாஸ் யாரென்று தெரிய வேண்டியதில்லை.

வேறு நிறுவன பி.ஏ.க்கள் ஏற்கெனவே உங்கள் தொலைபேசியில் இருக்கிறார்கள். இரண்டு பாஸ்களைச் சந்திக்க வைப்பதற்காக மாதம் பல முறை அவர்களோடு தேதி பேசுகிறீர்கள். அந்த மின்னஞ்சல்களில் ஒன்றைத் தொலைபேசி அழைப்பாக மாற்றுங்கள். மூன்றாவது அழைப்பில் பெயர் சொல்லி நலம் கேட்கலாம். பிறகு அவர் கட்டடம் பக்கமாகப் போகும்போது பத்து நிமிடம் தேத்தாரே (பால்தேநீர்) குடிக்கலாம். போட்டி நிறுவனமாக இருந்தால் நட்பு இருக்கட்டும், ஆனால் யார் யாரைச் சந்திக்கிறார் என்பதை இருவருமே பேசக் கூடாது.

பாஸின் பங்கும் இருக்கிறது. நாளுக்கு நாற்பது குறுஞ்செய்தி வந்தாலும் அவற்றில் உரையாடல் எதுவும் இருக்காது. வாரத்துக்கு 15 நிமிடம், அட்டவணை பேசாமல், என்ன நடக்கிறது, ஏன் இந்தக் கூட்டம், போன வாரம் எது நன்றாகப் போனது என்று பேச நேரம் கேளுங்கள். பாஸ் வெளிநாடு போகும் நாட்கள் வெறுமையாக இருக்கும் என்பதால், மாற்றாளோடு குறிப்பைப் புதுப்பிப்பதையும், வேறு மாடியில் இருப்பவரோடு சாப்பிடுவதையும் அந்த நாட்களில் வையுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பினால், 2023 திருத்தத்தின்படி நெகிழ்வு வேலைமுறைக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். நிறுவனம் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் தனிமையில் இருப்பவர் விருப்பப்பட்ட நாளில் வீட்டில் இருந்தால் நிலைமை மோசமாகலாம். மாற்றாள் அலுவலகம் வரும் நாட்களில் நீங்களும் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதை வெறும் தனிமை என்று விட்டுவிடக் கூடாது. அரசு சுகாதார நிலையத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. மன ஆதரவு தரும் தன்னார்வ அமைப்பான பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கேட்கும். அங்கே பெயர் சொல்லத் தேவையில்லை, நிறுவனத்தின் பெயரும் தேவையில்லை. யாரிடமும் சொல்ல முடியாத சுமையோடு இருக்கும் பி.ஏ.வுக்கு அது பெரிய வசதி. பாஸே திட்டமிட்டு உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கிறார், யாரோடும் பேசாதே என்கிறார் என்றால் அது வேறு விஷயம். நாளும் நேரமும் சொன்ன வார்த்தைகளுமாகக் குறித்து வைத்துக்கொண்டு ஹெச்.ஆரிடம் போங்கள், அங்கே பயனில்லை என்றால் தொழிலாளர் துறைக்கு.

கடைசியாக, பாஸ் மாறும் நாள். பல ஆண்டு ஒரே ஆளை நம்பி நடந்த வேலை ஒரு கடிதத்தில் முடியும். புதியவர் தன் பி.ஏ.வை அழைத்து வந்தால் மேசையே போய்விடலாம். அந்தச் செய்தி வந்ததும் ஹெச்.ஆரிடம் உங்கள் பதவி, சம்பளம், யாருக்குக் கீழே வேலை என்பதை எழுத்தில் கேளுங்கள். பழகிய பி.ஏ.க்களின் தனிப்பட்ட எண்களை, அவர்களிடம் கேட்டு, சொந்தக் கைப்பேசியில் சேர்த்துவையுங்கள். அலுவலக மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் கடைசி நாள் மாலையில் அவையும் போய்விடும். தொழில் தொடர்பான கோப்பு எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. செவ்வாய், வியாழன் மதியங்களை மட்டும் புதிய பாஸின் நாட்காட்டியில் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்பதைவிட அப்போது கேட்பது சுலபம்.